தக்கையும் போல்ட்டும்

"எல்லாம் சரியாத்தானுங்க பண்ணுனேன் டீச்சர். அப்புறம் எதுக்குங்க கொதிச்சுது?"

நாச்சிமுத்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார்.

கேட்டவர் டெய்லர். ஐம்பதைத் தாண்டியவர். பதில் சொல்ல வேண்டியவர் பக்கத்து வீட்டு ஜெசிந்தா. பாலிடெக்னிக்கில் பையன்களுக்கு என்ஜின் பிரிக்கவும் மாட்டவும் சொல்லிக்கொடுப்பவர். நாச்சிமுத்துவைவிட இருபது வயதாவது சின்னவர்.

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்பவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம்.

"உள்ள வாங்கண்ணா. உக்காருங்க."

"உக்கார வரலீங்க. எனக்குப் பதில் வேணும்."

"என்ன பண்ணுனீங்க? முதல்ல இருந்து சொல்லுங்க."

நாச்சிமுத்து விரல் விட்டு எண்ணிச் சொன்னார். கார் கொதித்தது. என்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றினார். ஹெட்டுக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட் தகடு கருகிப்போயிருந்தது. புதுசு வாங்கிப் போட்டார். ஹெட்டை மறுபடி வைத்து, போல்ட்டுகளை வரிசைப்படி இறுக்கினார். எல்லாம் வீட்டு முற்றத்தில், தன் கையாலேயே.

"எதை வெச்சு இறுக்குனீங்க?"

"நீங்க குடுத்தீங்களே, அந்த ரெஞ்சுதானுங்க. அளவு வந்தா 'க்ளிக்'குங்குமே, அது. க்ளிக் ஆன போல்ட்டுக்கெல்லாம் சாக்பீஸ்ல கோடு போட்டு வெச்சேன். ஒண்ணு விடல."

"எல்லாமே க்ளிக் ஆச்சா?"

"ஆச்சுங்க. உங்க ரெஞ்சு பொய் சொல்லுமா?"

நாச்சிமுத்து குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"துளசி வண்டிக்குள்ள இருந்தாளுங்க டீச்சர்," என்றார்.

துளசிமணி அவர் மனைவி. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் இரண்டு முறை மலையிலிருந்து இறங்கி, கீழே டவுன் ஆஸ்பத்திரியில் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு திரும்ப வேண்டும். போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது பிழிந்துபோட்ட துணியாகக் கிடப்பாள். பஸ்ஸில் ஒருமுறை நின்றபடியே மயங்கி விழுந்தாள். அதற்காகத்தான் அந்தப் பழைய கார்.

அந்தக் கார் ஏற்றத்தில், பலாமரத்து வளைவில், புகையாகக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. துளசிமணி சாலையோரக் கல்லில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேயிலை ஏற்றிப்போன ஒரு லாரி வந்துதான் அவர்களைக் கரை சேர்த்தது. வரும் வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நாச்சிமுத்துவுக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

ஜெசிந்தா உள்ளே போனார். அலமாரியிலிருந்து ஒரு சின்ன தைல பாட்டிலை எடுத்துவந்தார். காலி பாட்டில். தக்கை போட்டது.

குடத்திலிருந்து தண்ணீர் எடுத்து பாட்டிலின் கழுத்து வரைக்கும் ஊற்றினார்.

"இதை மூடுங்கண்ணா."

"எதுக்குங்க?"

"மூடுங்க."

நாச்சிமுத்து தக்கையை வைத்து அழுத்தினார். கொஞ்சம் இறங்கி நின்றது. இன்னும் அழுத்தினார். கட்டைவிரல் வெளுத்தது. தக்கை அசையவில்லை.

"இறுகிருச்சா?"

"இறுகிருச்சுங்க. இதுக்கு மேல போவாது."

ஜெசிந்தா பாட்டிலை வாங்கித் தலைகீழாகப் பிடித்தார். தக்கையின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு உதறு உதறினார். தக்கை தெறித்துவந்து நாச்சிமுத்துவின் காலடியில் விழுந்தது.

"இதைக் கொண்டுபோய் வெச்சுக்குங்க. ஹெட்டை மறுபடி மூடறதுக்கு முன்னால என்னைக் கூப்பிடுங்க."

"பதில்?"

"அவ்வளவுதாண்ணா."

நாச்சிமுத்துவுக்கு வந்த கோபத்தை எழுத்தில் போட முடியாது. பொண்டாட்டி நடுரோட்டில் கிடந்தாள் என்று வந்து சொன்னால் கையில் பாட்டிலைக் கொடுத்து அனுப்புகிறாள் இவள். வீட்டுக்குப் போனதும் பாட்டிலை முற்றத்து ஜன்னல் திண்டில் டொக்கென்று வைத்தார்.

கூப்பிடுவதாவது, என்று நினைத்துக்கொண்டார்.

மெக்கானிக்கிடம் விடலாமே என்று கேட்பீர்கள். அந்த மலையூரில் இருந்த ஒரே மெக்கானிக் பூஜை லீவுக்கு ஷட்டரை இறக்கிவிட்டுச் சொந்த ஊருக்குப் போயிருந்தார். வாடகைக் கார் பிடிக்கலாமே என்பீர்கள். லீவுக்கு மலையேறி வந்த கூட்டம் இருந்த கார்களையெல்லாம் முன்பே பேசி வைத்திருந்தது.

இதெல்லாம் நாச்சிமுத்து வெளியே சொன்ன காரணங்கள். உள்ளே இன்னொன்று இருந்தது. துளசிமணி உட்காரும் வண்டியில் இனி அடுத்தவன் கை படக்கூடாது என்று அவருக்கு ஒரு வீம்பு.

ஹெட்டைப் பிரித்தார். பஸ்ஸில் டவுனுக்குக் கொண்டுபோய் அடிப்பக்கத்தை மிஷினில் சீவிச் சமமாக்கி வந்தார். புதிய கேஸ்கெட் வாங்கினார். அதற்குள் பூஜை நாள் வந்துவிட்டது. மறுநாள் மதியம் துளசிமணி ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

காலையில் எழுந்ததும் முற்றத்துக்கு வந்தார். இன்றைக்கு மூடிவிட்டால் நாளை தைரியமாகக் கிளம்பலாம். உட்கார்ந்து கையை நீட்டினார். சாமான் பெட்டி இருந்த இடத்தில் ஈரத் தரைதான் இருந்தது.

"துளசீ!"

"ஏனுங்க?"

"சாமான் பெட்டி எங்க?"

"உள்ள வந்து பாருங்க."

சாமி படங்களுக்கு முன்னால், வாழையிலையில், ஸ்பானர்கள் அளவு வாரியாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். திருப்புளிக்கு ஒரு செவ்வந்தி. நடுவில் க்ளிக் ரெஞ்ச், மாப்பிள்ளை போல மாலையோடு. பக்கத்தில் அவருடைய கத்தரிக்கோல், அளவு டேப், இஸ்திரிப் பெட்டி. ஒரு தட்டில் பொரியும் கடலையும்.

"எப்ப வெச்ச?"

"விடியறதுக்கு முன்னால. நீங்க அசந்து தூங்கிட்டு இருந்தீங்க."

"துளசி, நாளைக்கு உன்னையக் கூட்டிட்டுப் போகோணும். இன்னிக்கு நான் அதை மூடோணும்."

"ஆயுத பூஜைல வெச்சதை நாளைக்குக் காலைல தீபம் காட்டித்தான் எடுக்கோணும். உங்களுக்குத் தெரியாதா?"

"சாமி கோவிச்சுக்காது."

"நான் கோவிச்சுக்குவேன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. மிஷினுக்குப் போகும் நாள் நெருங்கினால் அப்படித்தான் ஆகும்.

"டீச்சரு மூடறதுக்கு முன்னால கூப்பிடச் சொன்னாங்கன்னீங்களே. கூப்புட்டீங்களா?"

நாச்சிமுத்து மாலை போட்ட ரெஞ்சைப் பார்த்தார்.

துளசிமணி இடது கையை மடியில் வைத்து, மணிக்கட்டுக்கு மேலே வலது கை விரல்களை வைத்தாள். அங்கேதான் மிஷினுக்காக இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். சேர்த்த இடம் நன்றாக இருந்தால் விரலுக்கடியில் சர்ரென்று ஒரு அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும், பூனையின் வயிற்றில் கை வைத்தது போல. ஓட்டம் நின்றால் மிஷினாலும் ஒன்றும் செய்ய முடியாது. தினமும் காலையில் அவள் முதல் வேலை இதைத் தொட்டுப் பார்ப்பது.

"இருக்குது," என்றாள், யாருக்கோ சொல்வது போல.

ஒருமுறை அவரையும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். "அதான் ஆஸ்பத்திரில மிஷின் வெச்சுப் பாத்து நல்லாருக்குதுன்னு சொல்லிட்டாங்களே," என்று சொல்லிவிட்டு நாச்சிமுத்து எழுந்து போய்விட்டார். பயம்தான். வேறொன்றுமில்லை. அந்தக் கையை இன்றுவரை அவர் தொட்டதில்லை.

இப்போதும் எழுந்து போனார். பக்கத்து வீட்டுக்கு.

"டீச்சர், சாமானெல்லாம் பூஜைல வெச்சுட்டா. உங்ககிட்ட வேற ரெஞ்சு இருக்குதுங்களா?"

"என்னோடதுதான் உங்க வீட்டுல மாலை போட்டுட்டு உக்காந்திருக்கு."

"பாலிடெக்னிக்ல?"

"அங்கயும் பூட்டி சந்தனம் வெச்சாச்சு. சாவி பிரின்சிபால்கிட்ட."

"நீங்க வந்து துளசிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா."

"நான் சர்ச்சுக்குப் போறவ. உங்க வீட்டுச் சாமிகிட்ட நான் எப்படிண்ணா சிபாரிசு பேசறது?"

நாச்சிமுத்து வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு உட்காரமாட்டேன் என்று நின்ற அதே படி.

"நாளைக்கு பஸ்ஸுலதான் போகோணும். திரும்பி வரும்போது விழுந்தான்னா..."

ஜெசிந்தா வீட்டைப் பூட்டிவிட்டுக் கூடவே நடந்தார்.

முற்றத்தில் பானெட் திறந்த கார், வாயைப் பிளந்துகொண்டு பல் டாக்டருக்காகக் காத்திருப்பது போல நின்றது. துளசிமணி அதன் நெற்றிக்கும் ஒரு சந்தனப்பொட்டு வைத்திருந்தாள்.

"கேஸ்கெட்டை வைங்க," என்றார் ஜெசிந்தா.

வைத்தார்.

"ஹெட்டைத் தூக்குங்க. நான் இந்தப் பக்கம் புடிச்சுக்கறேன்."

இருவரும் தூக்கிப் பதமாக இறக்கினார்கள்.

"போல்ட்டை விடுங்க."

"விட்டு? எதுலங்க சுத்தறது?"

ஜெசிந்தா பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார்.

நாச்சிமுத்து வாய்க்குள் ஏதோ முனகினார். அது அச்சில் போடக்கூடியதாக இருந்திருக்காது. ஆனாலும் போல்ட்டை எடுத்தார். எண்ணெய் தொட்டார். விட்டார். விரல் நுனியால் திருகினார்.

டெய்லர் விரல்கள் அவை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டே இது முழுப் பருத்தி, இது கலப்படம் என்று சொல்லும். ஆனால் காருக்குப் பக்கத்தில் வந்ததும் அந்த விரல்களை அவர் நம்பியதே இல்லை. அங்கே ரெஞ்ச் இருந்தது. ரெஞ்ச் க்ளிக் சொன்னது. அதோடு சரி.

முதல் போல்ட் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அடியில் போய் டக்கென்று உட்கார்ந்தது. அடுத்ததும் அப்படியே. ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு வந்தார். முனகல் நின்றுபோயிருந்தது. முற்றத்தில் பூஜைச் சாம்பிராணி மணத்தது.

பின்பக்க ஓரத்தில் இருந்த ஒன்று இறங்கி வந்து பாதியில் தயங்கியது.

நாச்சிமுத்து இன்னும் கொஞ்சம் திருகினார். மெத்தென்று எதிர்த்தது. இரும்பு இரும்பில் உட்காரும் டக்கு வரவில்லை. விரலை எடுத்தால் போல்ட் ஒரு நூலளவு பின்னால் வந்தது.

"இது நிக்குதுங்க டீச்சர்."

"ம்."

"ரெஞ்சு இருந்தா ரெண்டே சுத்துல இறக்கிருவேன்."

"போன தடவை அப்படித்தான் இறக்குனீங்களா?"

"போன தடவை இது நின்னதே தெரியலீங்களே. முதல்ல இருந்தே ரெஞ்சு போட்டுத்தான சுத்துனேன். அது பாட்டுக்குச் சுத்துச்சு. க்ளிக்குன்னு..."

அந்த போல்ட்டைத் திருகி வெளியே எடுத்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். நுனி ஈரமாக இருந்தது. ரேடியேட்டரில் ஊற்றும் பச்சை நிறத் தண்ணீர், ஒரு சொட்டு, மரையில் தொங்கியது.

போல்ட் போகும் குழிக்கு அடிப்பக்கம் மூடியிருக்கும். ஹெட்டைக் கழற்றியபோது வழிந்த தண்ணீர் அதற்குள் இறங்கித் தேங்கிவிட்டது. போக வழியில்லை. மேலே போல்ட் வந்து அழுத்தியது. போல்ட் ஹெட்டை இறுக்காமல் தண்ணீரை இறுக்கியது. ரெஞ்ச் க்ளிக் என்றது. அவர் சாக்பீஸ் கோடு போட்டார். அந்த நம்பிக்கையில் துளசிமணியை ஏற்றிக்கொண்டு போனார்.

ஜன்னல் திண்டில் தைல பாட்டில் இருந்தது. பக்கத்தில் தக்கை.

நாச்சிமுத்து அதையே பார்த்தார். பிறகு திரும்பி ஜெசிந்தாவைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"இதை அன்னிக்கே வாயில சொல்லியிருக்கலாமே டீச்சர்!"

"சொல்லியிருக்கலாம்."

"நான் வீம்புக்கு உங்களைக் கூப்பிடாம மூடியிருந்தா? இவ மட்டும் சாமானை எடுத்து வெக்கலீன்னா இன்னிக்கு மூடியிருப்பேன். நாளைக்கு ஏத்திட்டுப் போயிருப்பேன். மறுபடி அதே வளைவுல..."

"மூடுற சத்தம் கேட்டா நானே வந்திருப்பேன். காலைல இருந்து ஜன்னல்கிட்டதான் நின்னுட்டிருந்தேன்."

"அதுக்கு சொல்லியே இருக்கலாமில்லீங்க!"

"சொன்னா எத்தனை குழியைத் துடைச்சிருப்பீங்க?"

நாச்சிமுத்து கையிலிருந்த ஈர போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கோபம் முழுதாகத் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். ஆனால் வேலை கிடந்தது.

எல்லா போல்ட்டையும் திரும்ப எடுத்தார். ஹெட்டை மறுபடி தூக்கி ஓரமாக வைத்தார்கள். குழிகளைத் துடைக்க வேண்டும். விரல் போகாது. கத்தரிக்கோல் பூஜையில். ஊசிப் பெட்டியும் பூஜையில்.

"துளசி, பாவாடை நாடா ஒரு கட்டு எடுத்துட்டு வா. நாடா ஆயுதமில்லையே?"

துளசிமணி யோசித்துப் பார்த்துத் தீர்ப்பு சொன்னாள். "இல்லீங்க. நாடா துணிதான்."

நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தார். விளக்குமாற்றுக் குச்சியில் சுற்றிக் குழிக்குள் விட்டார். கொஞ்ச நேரம் வைத்தார். எடுத்தபோது வெள்ளை நாடா பச்சையாக வந்தது. இன்னொரு துண்டு விட்டார். அதுவும் பச்சை. நாடா வெள்ளையாகவே திரும்பி வரும்வரை விட்டு விட்டு எடுத்தார்.

பிறகு அடுத்த குழி. அதற்கடுத்தது. ஒன்றையும் விடவில்லை.

விரலுக்கு எந்தத் தடையும் காட்டாமல் இறங்கியிருந்த இன்னொரு குழியில் விட்ட நாடாவும் நுனியில் பச்சையாக வந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜெசிந்தாவை நிமிர்ந்து பார்த்தார். ஜெசிந்தா பொரி தின்றுகொண்டிருந்தார்.

மறுபடி ஹெட்டை வைத்து, போல்ட்டுகளை விரலாலேயே இறக்கினார்கள். இந்தமுறை ஒவ்வொன்றும் டக்கென்று உட்கார்ந்தது. அதற்குமேல் அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாது. நாச்சிமுத்து காருக்கு ஒரு பழைய வேட்டியைப் போர்த்திவிட்டார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் துளசிமணி குளித்துத் தீபம் காட்டினாள். ஒவ்வொரு சாமானையும் இலையில் லேசாக நகர்த்திவைத்தாள். மாலையைக் கழற்றி ரெஞ்சை அவர் கையில் கொடுத்தாள். மூச்சு வாங்கியது.

"மதியத்துக்குள்ள ஆயிருங்களா?"

"தெரியல."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை. முன்பெல்லாம் "ஆயிரும், நீ போ" என்பார்.

ஜெசிந்தா வந்தார். வரிசைப்படி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். ரெஞ்ச் க்ளிக் சொல்லச் சொல்ல, நாச்சிமுத்து சாக்பீஸை எடுக்கவில்லை. போல்ட் தலையில் விரலை வைத்து ஒரு நொடி நின்றார். அதில் அவருக்கு என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது.

பெல்ட்டைக் குறிக்குக் குறி பார்த்து மாட்டினார்கள். குழாய்களைச் சேர்த்தார்கள். தண்ணீர் ஊற்றினார்கள். நாச்சிமுத்து சாவியை எடுத்தார்.

"இருங்கண்ணா. முதல்ல என்ஜினைக் கையால ஒரு சுத்து சுத்துங்க. உள்ள எதாவது இடிச்சா கைக்குத் தெரியும்."

சுற்றினார். இடிக்கவில்லை.

சாவி போட்டார். என்ஜின் இருமியது. இன்னொரு முறை இருமியது. துளசிமணி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது.

மூவரும் சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மெதுவாக ஏறியது. நடுவுக்கு வந்தது. விசிறி தானாக ஓடியது. முள் அங்கேயே நின்றது.

வெயில் ஏறிவிட்டது. கிளம்ப வேண்டிய நேரம். துளசிமணி போர்வையும் பிஸ்கட் பாக்கெட்டும் வைத்த பையோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நாச்சிமுத்து கதவைச் சாத்தினார். ஏறாமல் நின்றார்.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணா."

"இறங்கும்போது ஒண்ணும் ஆவாதுங்க. ஏறும்போதுதான். இனி கொதிக்காதுங்களே?"

"எனக்கு எப்படித் தெரியும்? இறக்குனது உங்க கை."

அவ்வளவுதான் சொன்னார். கேட்டைத் திறந்துவிட்டார்.

இறக்கத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் துளசிமணி மிஷினோடு கிடந்த நேரம் முழுக்க, நாச்சிமுத்து பார்க்கிங்கில் காரின் கீழே குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு விழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் அவளைத் தாங்கிப் பிடித்து ஏற்றினார். கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக்கொண்டாள். இடது கையில் ஊசி குத்திய இடங்களில் பஞ்சும் பிளாஸ்திரியும்.

மலை ஏற ஆரம்பித்தது.

ஒவ்வொரு வளைவிலும் அவர் கண் முள்ளுக்குப் போய்வந்தது. முன்னால் சரக்கு லாரி ஒன்று ஊர்ந்தது. முந்த இடமில்லை. இரண்டாம் கியரிலேயே என்ஜின் கத்திக்கொண்டு ஏறியது. ஸ்டீயரிங் வேர்வையில் வழுக்கியது. துளசிமணி தூங்குகிறாளா, மயங்கிவிட்டாளா என்று ஒரு பயம். கூப்பிட்டுப் பார்க்கவும் பயம்.

பலாமரம் தெரிந்தது. அவள் உட்கார்ந்திருந்த கல்லும் தெரிந்தது.

முள் நடுவில்தான் நின்றது.

நாச்சிமுத்து வண்டியை ஓரம் கட்டினார். என்ஜினை அணைக்கவில்லை.

துளசிமணி கண்ணைத் திறந்தாள். "ஏனுங்க, கொதிக்குதா?"

"இல்ல."

"முள்ளு?"

"நடுவுலதான் நிக்குது."

"அப்புறம் எதுக்கு நிறுத்துனீங்க?"

அவர் இறங்கிப்போய் பானெட்டைத் தூக்கினார். ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயில் கையை வைத்தார். சுட்டது. எடுக்காமல் மெல்ல அழுத்தினார். போன தடவை இதே இடத்தில் அந்தக் குழாய் காற்று புகுந்து கல்லாக இறுகிக் கிடந்தது. இப்போது விரலுக்கு வளைந்துகொடுத்தது. உள்ளே தண்ணீர் ஓடுவது விரல் நுனிக்குத் தெரிந்தது.

லாரியின் சத்தம் மேலே தேய்ந்து போயிருந்தது.

பானெட்டைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். துளசிமணி அவர் கையைப் பார்த்தாள். விரல்கள் அழுக்குப் படிந்து, சூட்டில் சிவந்திருந்தன.

தன் இடது கையை அவர் பக்கம் நீட்டினாள்.

"கையெல்லாம் அழுக்கா இருக்குது, துளசி."

"தொடைச்சுக்குங்க."

வேட்டி நுனியில் அழுந்தத் துடைத்தார். பிளாஸ்திரிக்குக் கீழே, மணிக்கட்டுப் பக்கம், இரண்டு விரல்களை வைத்தார். முதலில் என்ஜினின் அதிர்வுதான் தெரிந்தது. விரலை எடுக்காமல் காத்திருந்தார்.

"தெரியுதுங்களா?"

நாச்சிமுத்து அழுதுகொண்டிருந்தார்.

"தெரியுது."

"சரி, வண்டிய எடுங்க. பனி இறங்குது."

கியர் போட அந்தக் கைதான் வேண்டும். நாச்சிமுத்து எடுக்கவில்லை.